மயங்கிய மூளையின் வரைபடம்

மூளையின் வண்ணப் படங்களைப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளுமாய்த் திட்டுத் திட்டாக ஒளிரும் படங்கள் அவை. "ஓய்வு நிலையில் எலியின் மூளை", "மூளைப் பகுதிகளுக்கு இடையே இணைப்பு குறைந்திருக்கிறது" என்பன போன்ற விளக்கங்கள் அவற்றின் கீழே அச்சாகியிருக்கும். ஆனால் படம் எடுக்கப்பட்ட நேரத்தில் எலி விழித்திருந்ததா, மயக்கத்தில் கிடந்ததா என்ற விவரம் பெரும்பாலும் அங்கே இராது. ஆய்வுக் கட்டுரையில், செய்முறையை விளக்கும் பகுதியில், அது ஒரு வரியாக இருக்கும். ஆய்வு செய்தியாக மாறும்போது அந்த வரி உதிர்ந்துவிடும்.

உதிர்ந்துபோகும் அந்த ஒரு வரியைப் பற்றியதே இக்கட்டுரை. மயக்க மருந்து கொடுத்து எடுக்கப்பட்ட மூளைப்படம், மூளையும் மருந்தும் சேர்ந்து வரைந்த படமாகும். மருந்தின் பெயரையும் அளவையும் விட்டுவிட்டு, அதை மூளையின் இயல்பு என்று சொல்வது தவறு. இந்தத் தவறு எப்படி நேருகிறது, அதனால் என்ன கேடு, அதிலிருந்து தப்ப வழி உண்டா என்பவற்றைக் காண்போம்.

மயக்கம் ஏன்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். குழாய் போன்ற கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கருவி சம்மட்டியால் அடிப்பது போல் இரைச்சலிடும். மனிதனிடம் "அசையாதீர்கள்" என்று சொல்லலாம். எலியிடமோ குரங்கிடமோ சொல்ல இயலாது. சிறிதளவு அசைந்தாலும் படம் கெட்டுவிடும். விலங்குக்கு அச்சமும் துன்பமும் நேரக்கூடாது என்ற இரக்கமும் இருக்கிறது. ஆகவே மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுப்பது நெடுங்கால வழக்கமாகிவிட்டது. காரணங்கள் நியாயமானவைதாம். ஆனால் மயக்க மருந்து வேலை செய்யும் இடமும் மூளையே அல்லவா? அளக்க வேண்டிய பொருளையே மாற்றிவிட்டுப் பிறகு அளக்கிறோம்.

சாலையும் போக்குவரத்தும்

"இணைப்பு" என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அதற்குச் செஞ்சி நகரம் நமக்கு உதவும்.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என மூன்று குன்றுகள் உள்ளன. அவற்றை ஒரே கோட்டையாக இணைப்பவை நீண்ட மதில்கள். கோட்டைக்கு அருகே, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இன்றைய ஊர் இருக்கிறது. விழுப்புரம், மேல்மலையனூர் முதலிய ஊர்களுக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. மதில்களும் சாலைகளும் கல்லாலும் தாராலும் ஆனவை. நாளுக்கு நாள் மாறுவதில்லை. மூளையில் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு ஓடும் நரம்பிழைக் கற்றைகள் இத்தகையவை. இதனை அமைப்பு இணைப்பு என்போம்.

இனிப் போக்குவரத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வாரச்சந்தைக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆடுகள் வந்து சேரும். பௌர்ணமியன்று கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலைச் சாலை நிரம்பும். அமாவாசையன்று அங்காளம்மன் கோயிலுக்காக மேல்மலையனூர்ச் சாலை நிரம்பும். சாலைகள் மாறவில்லை, எந்த ஊரும் எந்த ஊரும் அன்றைக்குத் தொடர்பு கொள்கின்றன என்பதுதான் மாறுகிறது. இதனைச் செயல் இணைப்பு என்போம்.

ஒருவர் நள்ளிரவு மூன்று மணிக்கு மட்டும் செஞ்சியைக் கவனித்து ஒரு வரைபடம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் செல்லும் சில லாரிகளும் பேருந்துகளும் மட்டுமே அவர் கண்ணில் படும். அவருடைய போக்குவரத்துப் படமும் நெடுஞ்சாலைப் படமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்தப் படத்தில் பொய் ஏதுமில்லை. ஆனால் அதன் மேல் "செஞ்சியின் போக்குவரத்து" என்று தலைப்பு எழுதினால் பொய்யாகிவிடும். சந்தையும் அமாவாசையும் அந்தப் படத்தில் இல்லை.

படம் பிறக்கும் விதம்

மூளையின் செயலைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் நரம்பணுக்களை நேரே பார்ப்பதில்லை. அது பார்ப்பது இரத்தத்தை. ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபினுக்கும், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்கும் காந்தப் பண்பில் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய செய்ஜி ஒகாவாவும் அவருடைய துணைவர்களும், இந்த வேறுபாடு எலியின் மூளைப்படத்தில் தெரிவதை 1990ஆம் ஆண்டு அறிவித்தார்கள். நரம்பணுக்கள் சுறுசுறுப்பாகும் இடத்துக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆகவே இரத்தத்தைப் பார்த்து நரம்பணுக்களின் வேலையை ஊகிக்கலாம். இன்றுள்ள முறை முழுவதும் இந்த ஊகத்தின்மேல் நிற்கிறது.

அந்த முதல் ஆய்வறிக்கையிலேயே வேறொன்றும் சொல்லப்பட்டிருந்தது. மயக்க மருந்தை மாற்றினாலும் படத்தின் கருமை வெளிறல் மாறுகிறது என்பதே அது. இந்த முறை பிறந்த அன்றே எச்சரிக்கையும் உடன் பிறந்தது என்று சொல்லலாம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல், இந்திய வம்சாவளியினரான பரத் பிஸ்வால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் மற்றொரு உண்மையைக் கண்டார். விழித்திருக்கும் மனிதர் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும், மூளையின் இடப்புற இயக்கப் பகுதியும் வலப்புற இயக்கப் பகுதியும் ஒரே தாளத்தில் மெல்ல ஏறி இறங்குகின்றன. ஓர் ஏற்ற இறக்கம் முடியப் பத்து விநாடிக்கும் மேலாகிறது. இரண்டு பகுதிகள் இவ்வாறு சேர்ந்தசைந்தால் அவற்றுக்கிடையே செயல் இணைப்பு உண்டு என்று கொள்ளப்படுகிறது. "ஓய்வு நிலை" ஆய்வு என்னும் பெருந்துறை இதிலிருந்துதான் கிளைத்தது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்வால் கண்ட ஓய்வு விழித்த மனிதனின் ஓய்வு. அதே சொல்லை மயங்கிக் கிடக்கும் எலிக்கும் பயன்படுத்தத் தொடங்கியபோது, சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. மயக்கம் ஓய்வன்று, இயல்பான உறக்கமும் அன்று. உறங்குபவரைத் தட்டி எழுப்பலாம். மயங்கியவரைக் கத்தியால் அறுத்தாலும் எழுவதில்லை.

மருந்துக்கு ஒரு படம்

மயக்க மருந்து என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அவை எல்லாம் ஒரே வழியில் வேலை செய்வதில்லை. மூச்சுடன் உள்ளிழுக்கப்படும் ஐசோஃப்ளூரேன், நரம்பணுக்களை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் பிடியை வலுப்படுத்துகிறது. கால்நடை மருத்துவர்கள் கையாளும் மெடிடோமிடின், விழிப்புக்கு உதவும் நாரட்ரினலினைக் குறைத்து விலங்கைச் சாந்தப்படுத்துகிறது. கெட்டமின் வேறொரு வாயிலை அடைக்கிறது.

இத்துடன் முடியவில்லை. ஐசோஃப்ளூரேன் மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது, மெடிடோமிடின் சுருக்குகிறது. நாம் பார்ப்பது இரத்தத்தைத்தான் என்பதை மறக்கக் கூடாது. மருந்து நரம்பணுவையும் மாற்றுகிறது. நரம்பணுவைப் பற்றிச் சேதி சொல்லும் இரத்த ஓட்டத்தையும் மாற்றுகிறது. வழக்கும் மாறி, சாட்சியும் மாறினால் நீதிபதி என்ன செய்வார்? மயக்கத்தில் மூச்சு தளர்ந்து இரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் குழாய்கள் மேலும் விரியும். எலியின் உடல் வெப்பம் குறைந்தாலும் படம் மாறும்.

2014இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் யோவானஸ் கிராஞ்ஜானும் அவருடைய துணைவர்களும் சுண்டெலிகளுக்குப் பல்வேறு மயக்க மருந்துகளைக் கொடுத்து இணைப்புப் படங்களை ஒப்பிட்டார்கள். மருந்துக்கு மருந்து படம் வேறுபட்டது. ஐசோஃப்ளூரேனையும் மெடிடோமிடினையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தபோது, மூளையின் மேற்புறணியிலும் ஆழ்பகுதிகளிலும் இணைப்புகள் நன்கு தெரிந்தன. அப்படியானால் ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்து, "இந்தப் பகுதிகளுக்கிடையே இணைப்பு இல்லை" என்று எழுதப்பட்ட முடிவுகளை எப்படி எடுத்துக்கொள்வது? இணைப்பு இல்லாதிருந்ததா, அந்த மருந்து அதை மறைத்ததா?

பொய்யான ஒற்றுமை

மயக்கம் இணைப்பைக் குறைத்துத்தான் காட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கூட்டியும் காட்டும். ஐசோஃப்ளூரேன் அளவு மிகும்போது மூளையின் மின்னலைகள் ஒரு விசித்திர நிலையை அடைகின்றன. சிறிது நேரம் ஏறக்குறைய முழு அமைதி, பிறகு திடீரென்று ஒரு மின் வெடிப்பு, மீண்டும் அமைதி. இந்த வெடிப்புகள் புறணியின் பெரும்பகுதியில் ஒரே சமயத்தில் எழுகின்றன. இரத்த ஓட்டமும் அவற்றைத் தொடர்ந்து ஏறி இறங்குகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் எல்லாப் பகுதியும் எல்லாப் பகுதியோடும் பலமாக இணைந்திருப்பது போல் விடை வரும்.

ஊர் முழுவதும் மின்சாரம் போய்ப் போய் வந்தால், எல்லா வீட்டு விளக்குகளும் ஒரே நொடியில் அணைந்து ஒரே நொடியில் எரியும். உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது வியப்பான ஒற்றுமையாகத் தோன்றும். அதற்காக ஊரார் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசி முடிவெடுத்து விளக்கை அணைத்தார்கள் என்று சொல்வீர்களா? சேர்ந்தசைவது வேறு, செய்தி பரிமாறுவது வேறு. ஆழ்ந்த மயக்கம் முன்னதைக் கொடுத்துப் பின்னதைப் பறிக்கிறது.

ஐதராபாத்தில் ஒரு பழைய பாடம்

மயக்கத்தின் ஆழம் ஆய்வின் முடிவையே திருப்பிவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. அது மூளையைப் பற்றியதன்று, இதயத்தைப் பற்றியது. பாடம் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட நோயாளிகள் சிலர் அறுவை மேசையிலேயே திடீரென்று இறந்தார்கள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று மருத்துவர்களிடையே பெரும் சச்சரவு நிகழ்ந்தது. ஐதராபாத்தில் பணியாற்றிய எட்வர்ட் லாரி என்ற மருத்துவர், நிஜாமின் ஆதரவோடு 1888இல் ஓர் ஆய்வுக்குழு அமைத்து விலங்குகளில் சோதனை நடத்தினார். மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயத்துக்கு நேரே தீங்கில்லை என்பது முடிவு. லண்டனின் லான்செட் இதழ் இதை ஏற்கவில்லை. ஆகவே நிஜாம் அரசின் பொருளுதவியோடு 1889இல் இரண்டாவது குழு கூடியது. லான்செட் அனுப்பிய லாடர் பிரன்டன் என்ற புகழ்பெற்ற மருந்தியல் அறிஞரும் அதில் இருந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனைகள் நடந்தன. முடிவு மாறவில்லை.

அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் குளோரோஃபார்மை மிகுத்துக்கொண்டே போய் மரணம் வரை பார்த்தார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் மூச்சு முதலில் நிற்பது உண்மையே. ஆனால் 1911இல் லண்டனைச் சேர்ந்த குட்மன் லெவி, இலேசான மயக்கத்தில் இருந்த பூனைகளில் இதயம் திடீரென்று தாளம் கெட்டுத் துடிதுடித்து நின்றுவிடுவதைக் காட்டினார். அபாயம் இலேசான மயக்கத்தில் ஒளிந்திருந்தது; ஐதராபாத்தில் உற்று நோக்கியதோ ஆழ்ந்த மயக்கத்தை. விலங்குகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. கேள்வி கேட்கப்பட்ட நிலைமையே வேறாக இருந்தது. "மூச்சை மட்டும் கவனி, நாடியைப் பார்த்துக்கொண்டிராதே" என்ற அந்த முடிவை நம்பிய மருத்துவர்களின் கையில் இருந்தவை மனித உயிர்கள்.

இன்று என்ன கேடு?

இன்றைய ஆய்வில் இதே பொறி வேறு வடிவில் இருக்கிறது. மறதி நோய், மனச்சிதைவு, ஆட்டிசம் போன்றவற்றை ஆராய்வதற்காக மரபணு மாற்றப்பட்ட எலிகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றையும் சாதாரண எலிகளையும் ஒரே அளவு மருந்தால் மயக்கிப் படம் எடுக்கிறார்கள். முதல் வகையில் இணைப்பு குறைவாகத் தெரிந்தால், "நோய் இணைப்பைக் கெடுக்கிறது" என்று முடிவு எழுதப்படுகிறது. மாற்றப்பட்ட மரபணு, மயக்க மருந்துக்கு எலி கொடுக்கும் பதிலையே மாற்றியிருந்தால்? ஒரே அளவு மருந்து ஓர் எலியை இலேசாகவும் மற்றொன்றை ஆழமாகவும் மயக்கியிருந்தால்? அப்போது படம் காட்டியது நோயின் விளைவை அன்று, மயக்கத்தின் ஆழத்தை. ஒரே அளவு கொடுத்தோம் என்பதால் ஒரே நிலை ஏற்பட்டது என்று ஆகிவிடாது. அந்த முடிவை நம்பி மருந்து தேடப் புறப்பட்டால் ஆண்டுகளும் பணமும் விலங்குகளின் உயிரும் வீணாகும். அந்த மருந்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் நம்பிக்கையும் வீணாகும்.

இதைப் படித்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து ஆபத்து என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. வலியறியாமல் அறுவை முடிவதற்கே அது இருக்கிறது. அங்கே நாம் மூளையை அளக்கவில்லை. நம்முடைய குறையெல்லாம் அதை ஆய்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளாததைப் பற்றியதே.

மறுபக்கம்

நியாயமாக விமர்சிப்பவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மயக்க நிலை ஆய்வுகள் எல்லாம் குப்பை என்பது வெறும் வீம்பு. டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் மயக்கமூட்டிய பூனைகளின் மூளையை ஆராய்ந்துதான், கோடுகளின் சாய்வைக் கண்டுணரும் நரம்பணுக்களை விளக்கினார்கள். 1981இல் நோபல் பரிசும் பெற்றார்கள். விழித்த விலங்குகளில் பின்னர் நடந்த ஆய்வுகளும் அத்தகைய நரம்பணுக்களை உறுதி செய்தன. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் இருந்த குரங்குகளின் மூளையிலும் பார்வை, உடலியக்கம் ஆகியவற்றுக்கான பகுதிகள் தத்தமக்குள் சேர்ந்தசைவது தெரிந்தது. மயக்கம் எல்லாவற்றையும் அழிப்பதில்லை.

மயக்கத்தையே ஆய்வுப் பொருளாக்கியவர்களும் உண்டு. 2015இல் வெளியான பிரெஞ்சுக் குழுவினரின் ஆய்வு இவ்வகையில் சிறந்தது. குரங்குகளை விழிப்பிலும், புரோப்போஃபால் என்னும் மருந்தால் ஏற்பட்ட மயக்கத்திலும் அவர்கள் படம் எடுத்தார்கள். விழிப்பில் செயல் இணைப்புகள் கணத்துக்குக் கணம் கோலம் மாறிக்கொண்டிருந்தன. நரம்பிழைப் பாதைகள் நேரே இட்டுச் செல்லாத இடங்களுக்கு இடையிலும் உறவுகள் தோன்றி மறைந்தன. மயக்கத்தில் கோலங்கள் சிலவாகச் சுருங்கி, நரம்பிழைப் பாதைகளின் வரைபடத்தையே பெரிதும் ஒத்திருந்தன. 2018இல் செவோஃப்ளூரேன், கெட்டமின் ஆகியவற்றைக் கொண்டும் சோதித்தார்கள். அவற்றிலும் இப்போக்கே தெரிந்தது. நள்ளிரவுச் செஞ்சியை நினைவுகூருங்கள். சந்தைக் கூட்டம் கலைந்து சாலை மட்டும் எஞ்சியது போன்றது இது. இந்த ஆய்வு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், மயக்கத்தை அது மறைக்கவில்லை, ஒப்பிட்டுக் காட்டியது.

விழித்த விலங்கு விடை தருமா?

"அப்படியானால் மயக்க மருந்தே வேண்டாம், விழித்த விலங்கையே படம் எடுக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். இப்போது அவ்வாறும் செய்கிறார்கள். எலியின் தலையை அசையாமல் பொருத்தி, நாள் கணக்கில் கருவிக்கும் இரைச்சலுக்கும் பழக்குகிறார்கள். ஆனால் கட்டுண்ட எலி அமைதியாக இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி? அஞ்சி ஒடுங்கிய எலியும் அசையாமல்தான் இருக்கும். அச்சம் இதயத் துடிப்பையும் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் மாற்றும். மருந்தின் படத்துக்குப் பதிலாகப் பயத்தின் படம் கிடைத்தால் நமக்கு என்ன இலாபம்?

2012இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பெர்ன்ஸ், நாய்களைக் கட்டாமல், மயக்காமல், தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்கி, தாமாகவே கருவிக்குள் அசையாமல் படுக்கச் செய்து படம் எடுத்தார். போற்றத்தக்க வழி இது. எனினும் எல்லா விலங்குக்கும் எல்லா ஆய்வுக்கும் இது பொருந்தாது.

மற்றொரு முயற்சி, எல்லோரும் ஒரே முறையைக் கையாள்வது. 46 ஆய்வு நிலையங்களிலிருந்து 65 தொகுதி எலிப்படங்களைத் திரட்டி ஆராய்ந்து, ஒரு பொது முறையை வகுத்து, அதை 20 நிலையங்களில் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு ஐசோஃப்ளூரேனும் மெடிடோமிடினும் சேர்ந்த கலவையே அதன் மயக்க முறை. ஒரு நிலையத்தின் முடிவை மற்றொன்றுடன் ஒப்பிட இது பெரிதும் உதவும், வரவேற்போம். ஆனால் எல்லோரும் ஒரே நிறக் கண்ணாடியை அணிந்துகொண்டால் பார்வைகள் ஒத்துப்போகும். கண்ணாடியின் நிறம் போய்விடாது. ஒற்றுமையை உண்மை என்று மயங்கினால் ஐதராபாத்துக்கே திரும்புவோம்.

ஒரு வழியில் கண்டதை மற்றொரு வழியால் சரிபார்ப்பதே நல்ல முறை. இரண்டு வேறு மருந்துகளிலும், விழிப்பிலும் ஒரே முடிவு வந்தால் அது மூளைக்குரியது என்று ஓரளவு நம்பலாம். மின்னலைகளையும் உடன் பதிவு செய்தால் மயக்கத்தின் ஆழம் தெரியும். செலவும் உழைப்பும் கூடும்தான். ஆயினும் அரைகுறையான பத்து ஆய்வுகளைவிடச் செம்மையான இரண்டு ஆய்வுகளுக்கு விலங்குகளும் குறைவாகவே தேவைப்படும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

இந்த விவகாரம் ஆய்வுக்கூடத்தாரைச் சார்ந்தது, படிக்கும் நமக்கு என்ன என்று விட்டுவிடாதீர்கள். அறிவியல் செய்தியை எழுதுவோரும் படிப்போரும் கேட்கப் பழகினால், உதிர்ந்த அந்த ஒரு வரி திரும்பி வரும். அடுத்த முறை மூளையின் வண்ணப் படம் ஒன்றைக் காணும்போது இவற்றைக் கேளுங்கள்: இது மனிதனுடையதா, விலங்கினுடையதா? விலங்கு விழித்திருந்ததா? இல்லையெனில் என்ன மருந்து, எவ்வளவு? மூச்சும் உடல் வெப்பமும் கவனிக்கப்பட்டனவா? நோயுற்ற விலங்கும் நலமான விலங்கும் ஒரே ஆழத்தில் மயங்கியிருந்தன என்பதற்குச் சான்று உண்டா? வேறு மருந்திலோ விழிப்பிலோ இம்முடிவு மீண்டும் கிடைத்ததா?

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் வைக்கும்போது, அந்த வெப்பமானியும் நீரைச் சற்றே சூடாக்குகிறது என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளைத் தொடுகிறது என்ற அந்தச் சிறு உண்மைதான் இங்கே பெரிய வடிவில் நிற்கிறது. உங்களில் சிலர் நாளை மூளை ஆய்வாளராக வரக்கூடும். அப்போது உங்கள் படத்தின் கீழே விலங்கின் பெயரோடு மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். படிப்பவர் கண்ணில் படும்படி எழுதுங்கள்.